கை உயர்த்தாத பிள்ளை

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. கொலோனில் இருந்து அந்தோனிப்பிள்ளை. மன்னார்க்காரர். நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி விடுதியில் எனக்கு மேல்கட்டிலில் படுத்தவர். நல்ல மனிதர், குறட்டை ஒன்றைத் தவிர வேறு குற்றம் சொல்ல முடியாது.

"மாஸ்டர், எங்கடை டிலானி பதினோராம் வகுப்புக்கு வந்திட்டா. வாற வருசத்துக்குப் பாடம் தெரிய வேணுமாம். ரெண்டு பெரிய பாடம், மிச்சம் சின்னப் பாடமெண்டு என்னவோ சொல்லுறா. எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை. எதை எடுக்கிறதெண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாச் சரி."

இந்த 'நீங்கள் சொன்னாச் சரி' என்ற சொல்லைக் கேட்பதற்காகவே நான் இந்த நாட்டில் பல வருடம் உயிரோடு இருந்திருக்கிறேன். பகலில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இயந்திரத்துக்குள் தள்ளுகிறவனுக்கு, வார இறுதியில் நாலு பேர் ரெலிபோன் எடுத்து 'மாஸ்டர்' என்று கூப்பிட்டால் முதுகு கொஞ்சம் நிமிரும். அன்று நிமிரவில்லை. எதிரே என் மகள் நிரோஜினி உட்கார்ந்து பருப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அடுத்த ஞாயிறு எடுங்கோ அந்தோனியண்ணை, இப்ப வீட்டிலை ஆக்கள் வந்து நிக்கினம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டில் ஒருவரும் வந்து நிற்கவில்லை. என் மனைவி பவளம் என்னைப் பார்த்த பார்வையில் அது நன்றாகத் தெரிந்தது.

அந்த ஞாயிறு வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இதை வாசிக்கிறவர்களில் என்னிடம் படித்தவர்கள் இருக்கக்கூடும். அவர்கள் என்னைப் பற்றி வைத்திருக்கிற எண்ணம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

2

யாழ்ப்பாணத்தில் நான் ரியூட்டரி மாஸ்டர். உயர்தரப் பிள்ளைகளுக்குத் தூய கணிதம், பிரயோக கணிதம். தகரக் கொட்டகை, நீள வாங்குகள், ஒரு கரும்பலகை, மழை பெய்தால் பாடத்தை நிறுத்த வேண்டிய சத்தம். பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள், நான் கதைப்பேன். கேள்வி கேட்க யாருக்கும் அனுமதி இல்லை. ஒருவன் கேட்டால் இன்னொருவன் கேட்பான், பாடத்திட்டம் எப்போது முடிவது? சந்தேகம் இருந்தால் வீட்டுக்குப் போய்த் திரும்பச் செய்து பார், வரும் என்பதுதான் என் பதில். பெரும்பாலும் வந்தது.

நாங்கள் அப்போது எதற்காகப் படிப்பித்தோம் என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரேயொரு சோதனை. இரண்டு வருடம் என்ன செய்தாய், பள்ளிக்கூடத்துக்குப் போனாயா, மாமரத்துக்குக் கீழே படுத்துக் கிடந்தாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை. அந்தச் சில நாட்களில் தாளில் எழுதியதுதான் கணக்கு. கடைசி மாதங்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகமாட்டார்கள். முதல் தடவை சரிவரவில்லையா, இரண்டாம் தடவை எடுக்கலாம். மூன்றாம் தடவையும் உண்டு.

இன்னொன்றும் இருந்தது. பல்கலைக்கழக இடங்கள் மாவட்டத்துக்கு இவ்வளவுதான் என்று பங்கிட்டு வைத்திருந்தார்கள். அதனால் பக்கத்து வாங்கில் இருக்கிறவன் எடுக்கிற ஒவ்வொரு புள்ளியும் உன்னுடைய இடத்தில் இருந்து போகிற புள்ளி. என் வகுப்பில் திறமானவர்கள் எல்லாரும் இடது கையால் கொப்பியை மறைத்துக்கொண்டே எழுதுவார்கள். யாரைக் கேட்டாலும் 'ஐயோ, நான் இன்னும் ஒண்டும் படிக்கேல்லை' என்பார்கள். விடை தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். தெரியாதவன்தான் சத்தம் போடுவான். நானே அதைச் சொல்லிக்கொடுத்தேன்: "விடையை வெளியிலை விடாதை. விடை தாளுக்கு மட்டும்."

இந்த வசனத்தை நான் கப்பலில் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கத் தேவையில்லை.

3

இங்கே ஒன்று என்றால் திறம், ஆறு என்றால் படுதோல்வி என்பதை அறியாமல், ஒன்று வாங்கிய பிள்ளைக்கு அடித்த தகப்பன்மாரின் கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் அந்தப் பிழையை விடவில்லை. புள்ளி போடுகிற முறை எந்த நாட்டினதாக இருந்தாலும் எனக்கு அது பிடித்தமான விசயம். நிரோ ஒன்பது வயதில் தாயோடு வந்து இறங்கி, தத்தித் தத்தி டொச்சு என்கிற ஜெர்மன் மொழி படித்து, கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தபோதே நான் சட்டதிட்டங்களைத் தேடி எடுத்துவிட்டேன். அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்தேன்.

கடைசி மூன்று வகுப்புகள் வேறு உலகம். அங்கே ஒன்று, இரண்டு எல்லாம் போய், பூச்சியம் முதல் பதினைந்து வரை புள்ளி. இம்முறை பதினைந்துதான் திறம். வகுப்பு என்று ஒன்று கிடையாது; பிள்ளைகள் பாடம் பாடமாகக் கலைந்து போவார்கள். இரண்டு பாடம் முதன்மை. மற்றவை துணைப் பாடங்கள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் ஒவ்வொரு அரையாண்டிலும் ஒவ்வொரு பாடத்திலும் எடுக்கிற புள்ளி சேர்ந்துகொண்டே போகும். ஐந்துக்குக் கீழே வந்தால் அது குறை. குறைகள் கூடினால் அபிட்டூர் என்ற இறுதிச் சோதனைக்கு விடவே மாட்டார்கள். துணைப் பாடங்களில் சிலவற்றைத் தாளில் எழுதாமலே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வரியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தாள் இல்லாத பாடம்! அப்படியென்றால் அது கணக்கில் இல்லாத பாடம் என்று முடிவு கட்டினேன். என் அகராதியில் வேறு அர்த்தம் இருக்கவில்லை.

நிரோ பதினோராம் வகுப்பில் ஒரு நாள் சலவைக்கூடத்து வாசலிலேயே வந்து நின்றாள். நான் வேலை முடித்து வரும் நேரம்.

"அப்பா, நான் கணக்கும் பெடகோகிக்கும் எடுக்கட்டே?"

"அதென்ன பெடகோகிக்?"

"பிள்ளையளை எப்பிடி வளர்க்கிறது, எப்பிடிப் படிப்பிக்கிறது எண்டு படிக்கிற பாடம். எங்கடை ஸ்கூலிலை ஆக்கள் காணாது. அதுக்கு மட்டும் பக்கத்து ஸ்கூலுக்கு ட்ராமிலை போய் வரவேணும்."

"பிள்ளை வளர்க்கிறதுக்கு ஒரு படிப்போ?" என்று நான் ரோட்டில் நின்று சிரித்தேன். "கொம்மா எந்த ஸ்கூலிலை படிச்சவ?"

கணிதமும் பௌதிகமும் முதன்மை என்று நானே முடிவு செய்தேன். வரலாறு, உயிரியல், தத்துவம் எல்லாம் எழுதாத பாடங்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசாத பிள்ளை என்று அப்போது பெருமையாகவும் இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு நேரசூசி வந்ததும் பார்த்தால் நடுவில் எத்தனையோ வெற்றிடங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத் தெரிவு என்பதால் இரண்டு பாடங்களுக்கு இடையில் ஓய்வுப் பாடவேளைகள் விழும். அந்த நேரத்தில் பிள்ளைகள் நூலகத்தில் இருப்பார்கள், கூடி வேலை செய்வார்கள். நான் அந்த நேரசூசியைப் பிரதி எடுத்துக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினேன். டொச்சு தெரியாத எங்கள் ஆட்களின் டெர்மின்களுக்கு, அதாவது முன்கூட்டியே நேரம் எடுத்துப் போகிற சந்திப்புகளுக்கு, நிரோதான் மொழிபெயர்ப்பாளர். ரெலிபோன் அடிக்கும். "மாஸ்டர், தோலுக்குப் பார்க்கிற டொக்டரிட்டை டெர்மின் எடுக்கவேணும். தங்கச்சி எப்ப சும்மா இருப்பா?" நான் குளிர்ப்பெட்டியைப் பார்த்துச் சொல்வேன்: "புதன் மூண்டாம் நாலாம் பாடம் சும்மா. புதனுக்குக் கேளுங்கோ."

வெளிநாட்டவர் அலுவலகம், பல் வைத்தியர், வீட்டு வாடகைச் சங்கம், ஒருமுறை ஒரு அக்காவுக்குக் கர்ப்பப்பைச் சோதனை. பதினேழு வயதுப் பெண் அங்கே என்ன சொல் எதற்கு மாற்றிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. டெர்மின் நீண்டு போனால் அடுத்த பாடமும் போகும். அது பெரும்பாலும் வரலாறு அல்லது தத்துவம். தாள் இல்லாத பாடம்தானே என்று நான் வயிற்றுவலிக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். என் டொச்சில் வயிற்றுவலி மட்டும் ஒரு பிழையும் இல்லாமல் வரும்.

வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்றும் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். "கேட்டுக்கொண்டிரு. எழுது. உனக்குத் தெரிஞ்சதை அவங்களுக்குச் சொல்லிக் குடுக்காதை. விடை தாளுக்கு மட்டும்."

4

நவம்பரில் பெற்றோர் நாள். நிரோவின் கணித ஆசிரியை ஃப்ராவ் ஹோல்ஷர். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொறுப்பாளரும் அவர்தான். உயரமான மனுசி, கழுத்தில் கண்ணாடி தொங்கும். நாங்கள் மூவரும் ஒரு சின்ன மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். வழக்கம்போல நிரோ நடுவில், மொழிபெயர்ப்பாளராக.

ஃப்ராவ் ஹோல்ஷர் முதலில் ஒரு கணிதத் தாளை எடுத்து வைத்தார். பதின்மூன்று புள்ளி. எனக்கு வாய் காது வரை போனது. பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார். நான் பத்து வருடமாக இந்த மொழிக்குள் நிற்கிறேன். பேச வராது, வாய் திறந்தால் வினைச்சொல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆனால் காதுக்கு முக்கால்வாசி விளங்கும். வீட்டில் யாருக்கும் இது சரியாகத் தெரியாது. தெரிந்தால் நானே டெர்மின்களுக்குப் போக வேண்டி வரும் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், அதற்காகவே சொல்லாமல் விட்டிருந்தேன்.

அவர் சொன்னது இது: இங்கே பாதிப் புள்ளி தாளுக்கு. மற்றப் பாதி, வகுப்பில் பிள்ளை வாய் திறந்து என்ன சொல்கிறாள், என்ன கேட்கிறாள் என்பதற்கு. எழுதாத பாடங்களில் முழுப் புள்ளியும் அதற்குத்தான். நிரோஜினி ஆகஸ்டில் இருந்து ஒரு தடவைகூடக் கை உயர்த்தவில்லை. கேட்டால் இரண்டு சொல்லில் சரியான விடை சொல்லிவிட்டு மறுபடி மௌனம். வரலாற்றில் இரண்டு புள்ளி, தத்துவத்தில் ஒன்று, உயிரியலில் மூன்று என்று போகிறது. இப்படியே போனால் இவளைச் சோதனைக்கு விட முடியாமல் வரும்.

பிறகு அவர் நிரோவைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஏன் பேசுகிறாய் இல்லை? வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறார்களா?

நிரோ என்னைப் பார்க்கவில்லை. தெளிவான டொச்சில் சொன்னாள்: இல்லை. அப்பா எப்போதும் வகுப்பில் நிறையப் பேசு என்றுதான் சொல்வார். நான்தான் கூச்சக்காரி. பிழை என்னுடையது.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

ஃப்ராவ் ஹோல்ஷர் என் பக்கம் திரும்பினார். நான் சொல்லியிருக்கலாம். இல்லை என்பதற்கு 'நைன்' என்ற ஒரு சொல் போதும். அதை உச்சரிக்க இலக்கணம் தேவையில்லை. நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன், ஒன்றும் விளங்காத வெளிநாட்டுத் தகப்பன்மார் தலையாட்டுகிற மாதிரி.

நிரோ எனக்காகத் தமிழில் சுருக்கிச் சொன்னாள்: "கணக்குக்கு நல்ல புள்ளியாம் அப்பா. கொஞ்சம் கூடக் கதைச்சா நல்லதாம்."

"அவ்வளவுதானே?"

"ஓம், அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது ட்ராமில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். நான் அவளுக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சாக்லேட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

என்னை நானே மன்னிக்கக்கூடிய பிழைகள் சில உண்டு. ஊர் முறையை இங்கே கொண்டுவந்து போட்டது அறியாமை. அதற்கு நியாயம் சொல்லலாம். ஆனால் அந்த மேசையில் நான் அறியாமல் இருக்கவில்லை.

5

அடுத்த நாளே குளிர்ப்பெட்டியில் இருந்து நேரசூசியைக் கழற்றினேன். டெர்மினுக்குக் கேட்டவர்களிடம் இனி ஏலாது என்றேன். சிலர் கோபித்தார்கள். மாஸ்டருக்கு மகள் பெரிய படிப்புப் படிக்கிறா என்ற தலைக்கனம் என்று கதை வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

"நாளையிலை இருந்து வகுப்பிலை கதை, பிள்ளை" என்று நிரோவிடம் சொன்னேன். ஏதோ நான் ஆளியைத் திருப்பிவிட்டால் விளக்கு எரியும் என்ற நினைப்பு. இரண்டு கிழமை கழித்துக் கேட்டேன்.

"ஏலாமல் கிடக்கு அப்பா" என்றாள். "விடை தெரியும். சொல்லவேணும் எண்டு நினைக்கிறன். கை எழும்புதில்லை. அதுக்குள்ளை வேறை ஆரும் சொல்லிப்போடுவினம்."

தை மாத முடிவில் அரையாண்டுப் புள்ளிகள் வந்தன. குறைகள் அப்படியே. பௌதிகமும் கீழே இறங்கியிருந்தது. ஊரிலானால் என்ன, இரண்டாம் தடவை எழுதலாம் என்பேன். இங்கே முடிந்துபோன அரையாண்டைத் திரும்ப எழுதித் திருத்த வழியில்லை. பேசாமல் விட்ட பாடத்துக்கு மறுசோதனை எப்படி வைப்பது?

பவளம் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் ஊரிலை எத்தினை பேரைப் படிப்பிச்சு ஏத்தி விட்டனீங்கள். உங்கடை பிள்ளையைப் படிப்பிச்சு இறக்கி விட்டிட்டியள்." அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் மாஸ்டர் அல்லவா, பயிற்சி கொடுத்தால் வராத ஒன்று உண்டா? சாப்பாட்டு மேசையை வகுப்பாக்கினேன். சனிக்கிழமைகளில் நிரோவும் பவளமும் பிள்ளைகள். நான் நிரோவின் வரலாற்றுப் புத்தகத்தை அகராதியோடு வாசித்து வைத்துப் பாடம் எடுப்பேன். அவர்கள் கை உயர்த்திக் கேள்வி கேட்க வேண்டும். பவளம் உற்சாகமாகக் கேட்பாள்: "சேர், இந்த பிஸ்மார்க்குக்கு எத்தினை பிள்ளையள்?" நிரோ சிரிப்பாள். கை மட்டும் மேசைக்குக் கீழேயே இருக்கும்.

அந்த வகுப்பில் நானும் ஒன்றைக் கண்டுபிடித்தேன். யாராவது குறுக்கே கேட்டால் எனக்கு உள்ளுக்குள் சினம் ஏறியது. என் மனைவியே கேட்டாலும் ஏறியது. முகத்தில் காட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த முகத்தைப் பார்த்துத்தானே பிள்ளை வளர்ந்தாள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. பவளம் அடுப்படியில் நின்றாள். நான் எதையோ விளக்கிக்கொண்டிருந்தேன். நிரோ கையை உயர்த்தினாள். முழங்கை மேசையில் ஊன்றியபடி, தோளுக்குக்கூட எட்டாமல். ஆனால் கை.

"ஓம், சொல்லு!" எனக்கு எழும்பி ஆட வேண்டும் போல இருந்தது.

"அப்பா, பெற்றோர் நாளண்டைக்கு நான் ரீச்சருக்குச் சொன்னது உங்களுக்கு விளங்கினது. எனக்குத் தெரியும்."

நான் புத்தகத்தை மூடினேன்.

"உங்களுக்கு டொச்சு விளங்குமெண்டு எனக்குச் சின்னனிலையே தெரியும். டொக்டரிட்டைப் போகேக்கை, நான் மாத்திச் சொல்ல முந்தியே உங்கடை முகம் மாறும்." "நான் உங்களைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான். ஆனா நீங்கள் 'இல்லை' எண்டு சொல்லுவியளெண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஏன் அப்பா பேசாமல் இருந்தனீங்கள்?"

அவள் கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். வெட்கம். ரியூட்டரி மாஸ்டருக்குப் புள்ளிக் கணக்கே பிழைத்துவிட்டது என்று ஒரு வெள்ளைக்கார ரீச்சருக்குத் தெரியக்கூடாது என்ற வெட்கம். அதற்காகப் பிள்ளை தலையில் பழி விழட்டும் என்று விட்டுவிட்டேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் கையைக் கீழே இறக்கினாள்.

6

சித்திரை விடுமுறை முடிந்ததும் ஃப்ராவ் ஹோல்ஷர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். இரண்டு வழி என்றார். ஒன்று, நிரோ ஒரு வருடம் பின்னால் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பைத் தொடக்கத்தில் இருந்து படிப்பது. பழைய புள்ளிகள் அழியும், எல்லாம் புதிதாக எண்ணப்படும். மற்றது, இத்தோடு பள்ளியை விட்டு ஒரு தொழிற்பயிற்சிக்குப் போவது. ஆசிரியர்கள் கூடி முடிவெடுப்பார்கள். பலர் இரண்டாவதையே சொல்கிறார்கள். ஏனென்றால் பின்னால் போயும் இந்தப் பிள்ளை பேசாமலே இருந்தால் இன்னொரு வருடமும் வீண். பேசுவாள் என்று அவர்களுக்குத் தான் என்ன ஆதாரம் சொல்வது என்று கேட்டார்.

நிரோ இதைத் தமிழில் ஒரு குறையும் இல்லாமல் எனக்குச் சொன்னாள். இம்முறை சுருக்கவில்லை. சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என் டொச்சில் தொடங்கினேன். "நான்... மகள்... நான் சொன்னது..." அதற்கு மேல் சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. வயிற்றுவலி தவிர வேறு எதையும் இந்த மொழியில் ஒழுங்காகச் சொல்ல நான் கற்கவில்லை. ஃப்ராவ் ஹோல்ஷர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் தமிழுக்கு வந்தேன்.

"பிள்ளை, ரீச்சருக்குச் சொல்லு. வகுப்பிலை வாய் திறக்காதை எண்டு சொன்னது நான். அப்பா எண்டு சொல்லு. போன முறை நீ எனக்காகப் பொய் சொன்னனி எண்டும் சொல்லு. எனக்கு அண்டைக்கே விளங்கினதெண்டும் சொல்லு."

அவள் மொழிபெயர்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்து நின்றது. எத்தனையோ பேருடைய நோயையும் கஷ்டத்தையும் மாற்றிச் சொன்ன வாய் அது. சொந்தத் தகப்பன் சொன்னதை மாற்றிச் சொல்ல அதற்குத் துணிவு வரவில்லை. வெளியே பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் கத்தினார்கள். "சொல்லு ராசாத்தி" என்றேன். அவளை நான் அப்படிக் கூப்பிட்டுப் பல வருடம்.

பிறகு அவள் சொன்னாள். நான் சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள், விடாமல், மெருகு பூசாமல். ஃப்ராவ் ஹோல்ஷர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், இம்முறை விளங்கித்தான்.

நான் சொல்லச் சொன்னது அவ்வளவும் முடிந்துவிட்டது. ஆனால் நிரோ நிறுத்தவில்லை. ஆசிரியையை நேரே பார்த்து டொச்சில் இன்னும் சொன்னாள்: "அப்பா சொன்னார், நான் கேட்டேன். இனிக் கேட்க மாட்டேன். நான் கணக்கும் பெடகோகிக்கும் படிக்க வேண்டும். ஒரு வருடம் தாருங்கள், நான் பேசுவேன்."

அது என் வாக்கியம் இல்லை. நான் கொடுத்து அவள் மாற்றியதும் இல்லை. எனக்கு முன்னால் என்னைப் பற்றி வேறொருவரிடம் அவளாகச் சொன்ன முதல் உண்மைப் பேச்சு அது. அதில் பாதி எனக்கு எதிராக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தாலா, சந்தோசத்தாலா என்று கேட்டால் வெட்கத்தால்தான். சந்தோசம் பிறகு, ட்ராமில் வரும்போதுதான் வந்தது.

ஆசிரியர்கள் சம்மதித்தார்கள். புள்ளி எதையும் மாற்றவில்லை. அவள் சிநேகிதிகள் பதின்மூன்றாம் வகுப்புக்குப் போனார்கள்; இவள் தன்னிலும் சின்னப் பிள்ளைகளோடு பன்னிரண்டில் மறுபடி உட்கார்ந்தாள். அந்தச் சிநேகிதிகள் சோதனை முடித்துக் கொண்டாடும்போது இவள் தூரத்தில் நிற்பாள். அந்த ஒரு வருடத்தை நான் எடுத்தேன். அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ட்ராமில் பக்கத்துப் பள்ளிக்குப் போய்ப் பெடகோகிக் படிக்கிறாள். வகுப்பில் பேசுகிறாளாம். வீட்டிலும் பேசுகிறாள், சில நேரம் தேவைக்கு மேலே. தகப்பன்மார் பிள்ளைகளைப் பயமுறுத்தி வளர்ப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் அகராதி இல்லாமலே வாசித்தேன்.

7

இதை எழுதி முடிப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. மத்தியானம், அதே நேரம், அதே ரெலிபோன். அந்தோனிப்பிள்ளை சொன்ன நாள் தவறாதவர்.

"மாஸ்டர், யோசிச்சனீங்களோ? என்ன பாடம் போடுறது டிலானிக்கு?"

ஒரு கிழமையாக நான் எழுதி வைத்திருந்த விடைகள் எல்லாம் வாய்க்குள் வரிசையில் நின்றன. வகுப்பில் பேசினால்தான் புள்ளி என்று சொல்லலாம். எழுதாத பாடம் என்றால் கணக்கில் இல்லாத பாடம் என்று நினைக்காதீர்கள் என்று சொல்லலாம். எல்லாம் சரியான விடைகள். அவர் கொப்பி எடுத்து எழுதியும் கொள்வார். பிறகு போய் மகளிடம், மாஸ்டர் இப்படிச் சொன்னார், நீ இப்படிச் செய் என்பார். எனக்கு அந்தத் தகரக் கொட்டகைதான் கண்ணுக்குள் வந்தது.

"அந்தோனியண்ணை, எனக்குத் தெரியாது" என்றேன்.

"என்ன மாஸ்டர் பகிடி விடுறியள்? உங்களுக்குத் தெரியாததே!"

"பகிடி இல்லை. நான் என்ரை பிள்ளைக்கே பிழையாச் சொன்னனான். அவளுக்கு ஒரு வருசம் போட்டுது." நான் நிரோவைக் கையால் கூப்பிட்டேன். "நிரோ நிக்கிறா. அவவோடை கதையுங்கோ."

ரெலிபோனை நீட்டினேன். நிரோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். அந்தோனிப்பிள்ளை அவளிடமும் முதலில் இருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஓம் மாமா, ஓம் மாமா என்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில், அவள் வழக்கமாக இருக்கிற கதிரையில் போய் இருந்தேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அறிய எனக்கு அவசரமாக இருந்தது. இடையில் புகுந்து ஒன்று சொல்ல வாயும் உன்னியது. பவளம் என்னைப் பார்த்தாள். அடக்கிக்கொண்டேன்.

"அது சரி மாமா" என்றாள் நிரோ. "டிலானி வீட்டிலை நிக்கிறாவோ?"

அவர் ஏதோ சொன்னார்.

"அப்ப நீங்கள் ரெலிபோனை அவவிட்டைக் குடுத்திட்டு, கொஞ்சம் மற்ற அறைக்குப் போங்கோ மாமா. என்ன படிக்க விருப்பமெண்டு நான் அவவைக் கேக்கிறன்."

சொல்லிவிட்டு ரெலிபோனை ஒரு கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும்தான் அப்பா."

நான் எழும்பி மற்ற அறைக்குப் போனேன்.